ஓடில்லாத மட்டி பாக்கெட் vs ஓட்டோட உயிர் மட்டி: ரெண்டையும் வாங்கி சமைச்சு பாத்த ரிவ்யூ

ஆன்லைன்ல மீன் வாங்குற ஒரு கடையில (பேர் போடல, போட்டா கமெண்ட்ல சண்டை வரும்) இப்ப மட்டி (கிளாம், ரெண்டு ஓட்டுக்குள்ள இருக்குற சிப்பி மாதிரி ஐட்டம்) ரெண்டு விதமா கிடைக்குது. ஒண்ணு வேகவெச்சு ஓடு எடுத்து ஃப்ரீஸ் பண்ண சதை, 500 கிராம் பாக்கெட், மேல "கடல் மட்டி சதை"ன்னு மட்டும் எழுதியிருக்கும். இன்னொண்ணு உயிரோட, ஓட்டோட, வலைப்பையில கட்டி ஐஸ் பெட்டியில ஒரு கிலோ. வெல பாத்தா பாக்கெட்தான் லாபம்னு தோணும், ஏன்னா ஒரு கிலோ ஓட்டோட வாங்கி வேகவெச்சா சதை நூத்தம்பது கிராம் தேறுறதே பெரிசு, மிச்சமெல்லாம் சுண்ணாம்பு. அப்படியிருந்தும் நான் ஓட்டோட வாங்கச் சொல்றேன், ஏன்னு கீழ விளக்கமா எழுதியிருக்கேன், கொஞ்சம் நீளம்தான், ஸ்பான்சர் எல்லாம் எதுவும் இல்ல, எல்லாம் சொந்தக் காசு.

முதல்லயே ரேட்டிங் கேக்குறவங்களுக்கு: பாக்கெட் 5-க்கு 2.5, உயிர் மட்டி 5-க்கு 4.5.

நான் காலேஜ்ல படிச்சது கடல் உயிரியல், இப்ப வேலை பாக்குறது இன்சூரன்ஸ்ல. அதனால இந்த ரிவ்யூல தேவைக்கு மேல கொஞ்சம் பாடம் இருக்கும், பிடிக்காதவங்க சமையல் பாராவுக்கு ஸ்க்ரோல் பண்ணிக்கோங்க.

பாக்கெட்ல ஆரம்பிப்போம். பேக்கிங் நல்லாத்தான் இருக்கு, லீக் இல்ல, ஐஸ் சேந்து கட்டியா இல்லாம உதிரி உதிரியா இருந்துச்சு, அது ஒரு ப்ளஸ். மண் ரொம்ப கம்மி, ரெண்டு தடவ அலசினா போதும். எதிர் ஃப்ளாட்ல கொல்லத்துக்கார சேச்சி ஒருத்தங்க இருக்காங்க, அவங்க சொல்லிக்குடுத்த மாதிரி தேங்கா, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, குருமிளகு போட்டு தோரன் பண்ணேன். ருசி பரவால்ல. ஆனா சேச்சி ஒரு வாய் வெச்சுட்டு "இது கருத்த கக்கா அல்லே, கடல்ல எங்க கிடைக்கும்"னாங்க, அதாவது இது கறுப்பு மட்டிதானேன்னு கேக்குறாங்க. அடுத்த தடவ அதே கடை, அதே லேபிள், அதே வெல, ஆனா உள்ள இருந்த சதை வேற சைஸ், வேற நிறம், ருசியும் இனிப்பு கலந்து வேற. லேபிள்ல ஒரு எழுத்துகூட மாறல.

இங்கதான் எனக்கு பிரச்சனை. மட்டின்னு நாம சொல்றது ஒரு உயிரினம் இல்ல, ஒரு குடும்பம்கூட இல்ல, பல குடும்பம். நம்ம பக்கம் கடலோரத்துலயும் முகத்துவாரத்துலயும் கிடைக்குற சாப்பாட்டு மட்டியில பெரும்பாலானது வெனெரிடேங்குற குடும்பம். ரொம்பப் பெரிய குடும்பம் இது, இன்னிக்கு உயிரோட இருக்குறதே 500 இனத்துக்கு மேல, உலகத்துல எல்லா கடல்லயும் இருக்கு. பழவேற்காட்டுலயும் வெள்ளாறு முகத்துவாரத்துலயும் வர்ற வழவழன்னு முக்கோணமா இருக்குற மெரெட்ரிக்ஸ் காஸ்டா இந்தக் குடும்பம்தான். கொல்லம் அஷ்டமுடிக் காயல்ல (காயல்னா கடலோட சேர்ற உப்பங்கழி) அள்ளுற, ஓட்டுல வளையம் வளையமா கோடு போட்ட ஷார்ட் நெக் மட்டியும் இந்தக் குடும்பம். சேச்சி சொன்ன கருத்த கக்கா இருக்கே, வேம்பநாட்டுக் காயல்ல டன் டன்னா எடுக்குற வில்லோரிட்டா, அது வெனெரிடே கிடையாது, சைரெனிடேன்னு வேற குடும்பம், உப்பு கம்மியான தண்ணியில வாழ்றது. அது கெட்டதுன்னு நான் சொல்லவே இல்ல, ருசியா இருக்கும், கோட்டயம் ஆலப்புழை பக்கம் எத்தனையோ குடும்பம் அதுலதான் பிழைக்குது. ஆனா உப்பு கம்மியான தண்ணியில எடுத்ததுக்கு "கடல் மட்டி"ன்னு லேபிள் ஒட்டினா அது லேபிளோட தப்புதானே.

நிச்சயமா வில்லோரிட்டாதானான்னு கேட்டா என்னால நிரூபிக்க முடியாது. அதுதான் விஷயமே. ஓடு போனா ஆதாரமும் போச்சு.

வெந்த சதையப் பாத்து எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம்னு ஒரு தட்டுல பரப்பி உக்காந்து பாத்தேன் (வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க). கோடாலி முகம் மாதிரி தட்டையா ஒரு பாதம் இருக்கும், மண்ணைத் தோண்டி உள்ள போறதுக்கு. ஒரு ஓரத்துல ரெண்டு குட்டிக் குழாய், ஒண்ணுல தண்ணி உள்ள வரும், இன்னொண்ணுல வெளிய போகும். ஷார்ட் நெக்குங்குற வியாபாரப் பேரே இந்தக் குழாய் குட்டையா இருக்குறதாலதான். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல ரெண்டு தசை, ஓட்டை இழுத்து மூடுறதுக்கு. ரெண்டும் சரிசமமா இருந்தா அது கல்லுமக்காய் (பாறையில ஒட்டி வளர்ற வேற சிப்பி வகை) இல்லன்னு தைரியமா சொல்லலாம், ஏன்னா கல்லுமக்காய்ல பின்தசைதான் பெரிசு. பக்கவாட்டுல மடிப்பு மடிப்பா செவுள், அதுதான் மூச்சு விடுறதும் சாப்பாட்டை வடிகட்டுறதும். நடுவுல பச்சைக் கறுப்பா ஒண்ணு இருக்குமே, நெறைய பேர் அழுக்குன்னு நெனச்சு பிதுக்கி எறிவாங்க, அது ஜீரண சுரப்பி, அது சாப்பிட்ட பாசியோட நிறம். தலை கிடையாது, நாக்கு கிடையாது. இதயம் உண்டு, அதுலயும் வேடிக்கை, குடல் அந்த இதயத்துக்கு நடுவுல புகுந்துதான் வெளிய போகும். பரீட்சையில இதை எழுதினப்பகூட நான் நம்பல, வெட்டிப் பாத்தப்பதான் நம்பினேன்.

சரி, இதெல்லாம் வெச்சு மட்டின்னு சொல்லலாம், கல்லுமக்காய் இல்லன்னு சொல்லலாம், அதுக்கு மேல எந்தக் குடும்பம் எந்த இனம்னு சமையல்கட்டுல சொல்ல வழியே இல்ல. டிஎன்ஏ எடுத்தா வெந்த சதையிலகூட கண்டுபிடிச்சிடுவாங்க, நம்ம வீட்டுல மிக்ஸியும் கிரைண்டரும்தான் இருக்கு.

ஓடு இருந்தா கதையே வேற. உயிர் மட்டி வாங்கினப்ப சமைச்சு முடிச்சதும் ஓடுங்களைக் கழுவி காய வெச்சு பாத்தேன். வெனெரிடே குடும்பத்தோட ஜாதகம் முழுக்க அந்த ஓட்டுக்குள்ளதான் எழுதியிருக்கு. ரெண்டு ஓடும் சேர்ற இடத்துல, கீல்ல, பல்லு பல்லா மேடு இருக்கும், இந்தக் குடும்பத்துல ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவுல மூணு பல்லு, இந்தப் பக்கத்து மேடு அந்தப் பக்கத்து பள்ளத்துல போய் உக்காரும். ஓட்டோட உள்பக்கம் பாத்தா ரெண்டு தசை ஒட்டியிருந்த தடம் வட்டமா தெரியும், அது ரெண்டையும் சேத்து ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு பின்பக்கம் வர்றப்ப உள்நோக்கி ஒரு வளைவு எடுக்கும், குழாயை உள்ள இழுத்து வெச்சுக்குறதுக்கான இடம் அது. வளைவு ஆழமா இருந்தா குழாய் நீளம், அது மண்ணுல ஆழமா வாழுற ஆளு, வளைவு கம்மின்னா மேலாப்புல இருக்குற ஆளு. செத்துப்போன ஒரு வெறும் ஓட்டை கையில வெச்சுக்கிட்டு அது எவ்வளவு ஆழத்துல குடியிருந்துச்சுன்னு ஊகிக்கலாம், எனக்கு இன்னிக்கும் இது ஆச்சரியம்தான். வில்லோரிட்டாவுல அந்த வளைவு இருக்கா இல்லையாங்குற அளவுக்குத்தான் இருக்கும், மேல கறுப்பா பழுப்பா தோல் மாதிரி ஒரு பூச்சும் இருக்கும். ஆக ஓடு இருந்தா ரெண்டு நிமிஷத்துல வெனெரிடேவா வில்லோரிட்டாவான்னு தெரிஞ்சிடும், லேபிளே வேணாம்.

அப்புறம் வெளிப்பக்கம், மூக்கு மாதிரி வளைஞ்ச முனைக்கு முன்னாடி இதய வடிவத்துல சின்னதா ஒரு பள்ளம் இருக்கும், அது இந்தக் குடும்பத்துல நல்லாத் தெரியும். உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வெக்குற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் 1758-ல இதுங்கள்ல பலதையும் வீனஸ்னு ஒரே பேரினத்துல போட்டு வெச்சாரு, அப்புறம் 1771-ல இந்தக் கூட்டத்து மட்டி ஒண்ணை வர்ணிக்கும்போது ஓட்டோட ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பொம்பளைங்க அந்தரங்க உறுப்புப் பேரா வெச்சு எழுதினாரு, அந்தக் காலத்துலயே மத்த ஆளுங்க இது என்னய்யா அசிங்கம்னு திட்டியிருக்காங்க. குடும்பமா வெனெரிடேன்னு வகைப்படுத்தினது ரஃபினெஸ்க்குங்குற இன்னொரு ஆராய்ச்சியாளர், 1815.

ஜப்பான்காரங்க இந்தக் கீல் பல்லை வெச்சு விளையாட்டே ஆடினாங்க. ஹமகுரின்னு அவங்க சொல்ற மெரெட்ரிக்ஸ் மட்டி, நம்ம காஸ்டாவுக்கு சொந்தக்காரன். ஓடு ரெண்டையும் பிரிச்சு 360 ஜோடியைக் கலைச்சுப் போட்டு ஜோடி சேக்கணும், ஒரு மட்டியோட பாதி இன்னொரு மட்டியோட பாதியில சரியா உக்காராது, அதுக்குன்னே உள்பக்கம் தங்கப்பூச்சு பூசி ஓவியம் வரைஞ்ச செட்டு கல்யாணச் சீர்ல வரும். நான் என் வீட்டு ஓடுங்களைக் கலைச்சுப் போட்டு பையனை சேக்கச் சொன்னேன், அரை மணி நேரம் மொபைல் தொடாம இருந்தான், இந்த ஒண்ணுக்கே அரை ஸ்டார் கூட குடுக்கலாம்.

ஓடே முழு உண்மைன்னும் சொல்லிட முடியாது, அதையும் சொல்லிடுறேன், இல்லாட்டி படிச்சவங்க யாராவது வந்து கேப்பாங்க. பெட்ரிகோலான்னு ஒரு வகை மட்டி களிமண்ணுலயும் மென்மையான பாறையிலயும் துளை போட்டு உள்ள வாழும், ஓடு நீளமா விகாரமா இருக்கும், அதனால அதுக்குத் தனிக் குடும்பம் குடுத்து வெச்சிருந்தாங்க. டர்ட்டோனியான்னு இன்னொண்ணு, ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான், வளர்ந்த அப்புறமும் குழந்தை உருவத்துலயே நின்னுபோன மாதிரி, அதுக்கும் தனிக் குடும்பம். 2006-ல உடல் அமைப்பையும் டிஎன்ஏவையும் சேத்து வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, பாத்தா ரெண்டும் வெனெரிடேவுக்கு உள்ளயே வந்து உக்காருது, வாழ்ற இடம் மாறினதால ஓடு மாறியிருக்கு, அவ்வளவுதான். இப்ப ரெண்டையும் வெனெரிடேக்குள்ளயே சேத்துட்டாங்க. அஷ்டமுடி மட்டிக்கேகூட பேர் மாறியாச்சு, பாஃபியா மலபாரிகான்னு நாங்க படிச்சது இப்ப புரோட்டாபெஸ் காலஸ். பழைய ரிப்போர்ட் எல்லாம் பாஃபியான்னுதான் இருக்கும், தேடுறவங்க ரெண்டையும் போட்டுத் தேடுங்க.

எந்த இனம்னு தெரிஞ்சா சாப்பிடுறவனுக்கு என்ன பிரயோஜனம், ருசியா இருந்தா போதாதான்னு என் ஒய்ஃபும் கேட்டா. பிரயோஜனம் இருக்கு.

அஷ்டமுடியில நடந்ததைப் பாருங்க. எண்பதுகள்ல வியட்நாம், தாய்லாந்து, மலேசியான்னு வெளியூர் டிமாண்ட் வந்து அள்ளு அள்ளுன்னு அள்ளினாங்க, 1991-ல வருஷத்துக்கு 10,000 டன் வரைக்கும் போச்சு, 1993-ல பாதியா விழுந்துச்சு. அப்புறம்தான் விதி போட்டாங்க, டிசம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் இனப்பெருக்க காலம், அள்ளக்கூடாது, வலைக்கண்ணு ரொம்ப சின்னதா இருக்கக்கூடாது, ஏற்றுமதி பண்ற சதை கிலோவுக்கு 1400 பீஸுக்கு மேல போகக்கூடாது, அதாவது குட்டி குட்டியா இருந்தா எடுக்காதேன்னு அர்த்தம். கொச்சி கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், டபிள்யூடபிள்யூஎஃப்ங்குற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, காயல்ல முங்கி எடுக்குற மீனவருங்க எல்லாரும் சேந்து உழைச்சு 2014-ல எம்எஸ்சி சர்டிஃபிகேட் (வளம் அழியாம அளவா பிடிக்குறாங்கன்னு குடுக்குற சர்வதேச சான்று) வாங்கினாங்க, இந்தியாவுல அந்த சர்டிஃபிகேட் வாங்கின முதல் மீன்பிடி அதுதான்.

இப்ப நம்ம பாக்கெட்டுக்கு வருவோம். ரெண்டாவது பாக்கெட்லருந்து நூறு கிராம் எடுத்து எண்ணினேன், 180-ஐத் தாண்டிச்சு. கணக்குப் போட்டா கிலோவுக்கு 1800. அஷ்டமுடி மட்டியா இருந்தா இது பிஞ்சு, ஏற்றுமதிக்கு ஆகாதுன்னு ஒதுக்கியிருப்பாங்க. வில்லோரிட்டாவா இருந்தா இந்தக் கணக்கே அதுக்குப் பொருந்தாது. உள்ள இருக்குறது யாருன்னு தெரியாம நான் தப்புன்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல. கஸ்டமர் கேர்ல சாட் பண்ணி எந்த ஊர்ல எடுத்தது, என்ன இனம்னு கேட்டா "சார் இது ஃப்ரெஷ் சீ கிளாம் சார்"ங்குற பதில் மட்டும் திரும்பத் திரும்ப வருது. ஐரோப்பாவுல 2013-லயே சட்டம் போட்டு, மீனோ மட்டியோ கடையில வித்தா வியாபாரப் பேர், அறிவியல் பேர், பிடிச்ச இடம் எல்லாம் போடணும்னு வெச்சிருக்காங்க. அங்க போட முடியுதுல்ல, நமக்கும் ஒரு வரி சேத்து அச்சடிச்சா என்ன கொறஞ்சிடும்?

எங்க எடுத்ததுங்குறது இன்னொரு காரணத்துக்கும் முக்கியம். மட்டி நாள் முழுக்க தண்ணிய வடிகட்டிக்கிட்டே இருக்கும், அந்தத் தண்ணியில என்ன இருக்கோ அது உடம்புல சேரும், பாசியும் சேரும், சாக்கடையும் சேரும், ஈயம் காட்மியம் எல்லாமும் சேரும். சில காலத்துல விஷப் பாசி பெருகும். 1981-ல தமிழ்நாட்டுல வாயலூர் பக்கம் மெரெட்ரிக்ஸ் காஸ்டா சாப்பிட்டு மூணு பேர் செத்திருக்காங்க, நெறைய பேர் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. 1983-ல மங்களூர் பக்கமும் அதே மட்டியால ஒரு பையன் போனான். அந்த விஷம் நரம்பைத் தாக்கும், எவ்வளவு வேகவெச்சாலும் போகாது, மட்டிக்கு ஒண்ணும் ஆகாது, சாப்பிடுறவனுக்குத்தான். பயமுறுத்த சொல்லல, நான் சின்ன வயசுலருந்து சாப்பிடுறேன், ஆனா எந்தத் தண்ணியில வளர்ந்ததுன்னு கேக்குறது வாங்குறவனோட உரிமை. சிட்டிக்குள்ள ஓடுற ஆத்து முகத்துவாரத்துல அள்ளி ரோட்டோரம் விக்குறத நான் வாங்க மாட்டேன், எவ்வளவு சீப்பா இருந்தாலும்.

இப்ப உயிர் மட்டி. ஐஸ் பெட்டியில ஈரத்துணி சுத்தி வந்துச்சு, கடைக்காரன் அறிவாளி, தண்ணியில மூழ்க வெச்சு அனுப்பல, ஐஸ் உருகின நல்ல தண்ணியில கிடந்தா அதுங்க செத்திடும். பில்லுல இடம் "அஷ்டமுடி"ன்னு போட்டிருந்தாங்க, ஓட்டைப் பாத்தா கோடு, நிறம், உள் வளைவு எல்லாம் ஒத்துப்போகுது. ஒண்ணு ரெண்டு வாய் திறந்து இருந்துச்சு, தட்டினதும் மூடிக்கிச்சு, அப்படி மூடினா உயிர் இருக்குன்னு அர்த்தம். ஓட்டை மூடுறதுதான் தசையோட வேலை, திறக்குறது கீலுக்கு வெளிய இருக்குற இழுவை நார், அது எப்பவும் திறக்கத்தான் பாக்கும். தசை செத்தா, இல்ல வெந்து ஓட்டை விட்டுப் பிரிஞ்சா, நார் ஜெயிச்சு ஓடு திறந்துக்கும். அதனாலதான் கொதிக்க வெச்சதும் பட்டு பட்டுன்னு திறக்குது, சமைக்குறதுக்கு முன்னாடியே திறந்து கிடந்து தட்டியும் மூடலன்னா தூக்கிப் போடணும். அந்தத் தசையில ஒரு பாகம் சட்டுன்னு மூட, இன்னொரு பாகம் மூடினதை அப்படியே பிடிச்சு வெச்சுக்க, பிடிச்சு வெக்குறதுக்கு சக்தியே பெரிசா செலவாகாது, அதனாலதான் மணிக்கணக்கா மூடிக்கிட்டே பிரயாணம் பண்ண முடியுது.

ருசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. மூடிக்கிட்டு இருக்கும்போது உள்ள ஆக்சிஜன் வராது, அது இல்லாமலே உடம்பு ஓட்டும்போது சக்சினிக் அமிலம் சேரும், மட்டி சூப்புக்கு உள்ள அந்தத் தனி ருசியில அதுக்கும் பங்கு உண்டு, கூட கிளைசின், குளூட்டமேட் எல்லாம். இதெல்லாம் தண்ணியில கரையுற சமாச்சாரம். பாக்கெட் சதை ஃபேக்டரியில வேகவெச்சு அந்தத் தண்ணியை வடிச்சுட்டுதான் வருது, பாதி ருசி அங்கயே சாக்கடைக்குப் போயிடுது. உயிர் மட்டி வேகவெச்ச தண்ணி கலங்கலா பால் மாதிரி இருக்கும், அதைக் கொட்டிடாதீங்க தயவுசெஞ்சு, தெளிய வெச்சு மேலாப்புல எடுத்து ரசமோ சொதியோ வெச்சுப் பாருங்க, உப்பு மட்டும் கடைசியில ருசி பாத்துப் போடுங்க, அதுலயே உப்பு இருக்கும்.

மண் போக்குறது பத்தி நெறைய தப்பான டிப்ஸ் சுத்துது, அரிசி கழுவின தண்ணி, மிளகாத்தூள் தண்ணின்னு. மட்டி கடல்ல இருக்குறவன், நல்ல தண்ணியில போட்டா வாயை மூடிக்கிட்டு கம்முனு இருக்கும், குழாயை வெளிய நீட்டினாத்தான் மண்ணைத் துப்பும். ஒரு லிட்டருக்கு முப்பது கிராம் உப்புன்னு போட்டு, அகலமான தட்டுல ஒரே அடுக்கா பரப்பி, மேல துணி போட்டு இருட்டா வெச்சு ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. குண்டான்ல குவிச்சுப் போட்டா அடியில இருக்குறது மூச்சு முட்டிச் சாகும், மேல இருக்குறது துப்புற மண்ணைக் கீழ இருக்குறது திரும்ப உறிஞ்சும். என் தட்டைச் சுத்தி சமையல் மேடையெல்லாம் தண்ணி பீச்சி அடிச்சிருந்துச்சு, துடைக்க வேண்டியதாப்போச்சு, அது ஒரு மைனஸ்.

இன்னொரு மைனஸ், ஒரு மட்டிக்குள்ள பட்டாணி சைஸ்ல குட்டி நண்டு ஒண்ணு இருந்துச்சு. ஒய்ஃப் அலறிட்டா. அது பட்டாணி நண்டு, மட்டிக்குள்ளயே குடியிருந்து அது வடிகட்டுற சாப்பாட்டை ஓசியில திங்கும், நமக்கு ஒரு கெடுதலும் இல்ல. கடைக்காரன் தப்பு இல்ல, இதுக்காக ஸ்டார் குறைக்காதீங்க.

அரை ஸ்டார் ஏன் கம்மி பண்ணேன்னா டெலிவரி நேரம். காலையில ஏழுன்னு சொல்லிட்டு பத்தரைக்கு வந்தாங்க, உயிர் பொருளை இப்படி இழுத்தடிக்கக்கூடாது, இன்னும் வெயில் காலம்னா பாதி செத்திருக்கும்.

"கிளாம்"னு பேர் போட்டு விக்குற வேற ஐட்டமும் அதே ஆப்ல இருக்கு, அதையும் ரெண்டு வரி சொல்லிடுறேன். மணிலா கிளாம்னு வெளிநாட்டு ஃப்ரோசன் ஒண்ணு, ஓட்டோட, செம வெல. அது ருடிடேப்ஸ் பிலிப்பினாரம், வெனெரிடேதான், உலகத்துலயே அதிகமா வளர்க்குற மட்டி, வருஷத்துக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல, பெரும்பாலும் சீனாவுல. பாஸ்தாவுக்கு நல்லா இருக்கும், நம்ம ஊர் குழம்புக்கு இந்தக் காசு குடுக்குறது வேஸ்ட், அஷ்டமுடிக்காரன் எந்த விதத்துலயும் குறைஞ்சவன் இல்ல. ஓஷன் குவாஹாக்னு போட்டு டின்ல வர்றது வேற குடும்பம், ஆர்க்டிகா, ஐஸ்லாந்து பக்கம் 2006-ல எடுத்த அந்த இனத்து மட்டி ஒண்ணு 507 வயசு இருந்துச்சு. வயசான ஆளுங்கிறதாலயோ என்னவோ சதை ரப்பரா இருக்கு, எனக்குப் பிடிக்கல.

யாருக்கு எதுன்னா, வேலைக்குப் போய்ட்டு வந்து ராத்திரி அவசரத்துல தோரனோ முட்டை போட்டு பொரியலோ பண்ணணும்னா பாக்கெட் ஓகே, ருசி மோசமில்ல, சுத்தமா இருக்கு. ஆனா எடுத்த இடமும் இனமும் போடுற வரைக்கும் நான் 2.5-க்கு மேல குடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுல ஆள் இருக்கு, நேரம் இருக்குன்னா ஓட்டோட வாங்குங்க. இனப்பெருக்கம் ஆகுறதுக்கு முன்னாடி சதை நல்லா கொழுத்து இருக்கும், முட்டை விந்து எல்லாம் தண்ணியில விட்டு முடிச்சதும் சுருங்கிப்போய் வெறும் தோலா இருக்கும், அதனால அக்டோபர் நவம்பர்ல வாங்கினா காசுக்கு சரியான சதை. டிசம்பர்லருந்து பிப்ரவரிக்குள்ள யாராவது "ஃப்ரெஷ் அஷ்டமுடி"ன்னு உயிரோட வித்தா வாங்காதீங்க, எங்கருந்து வந்துச்சுன்னு கேளுங்க. நானும் இந்த வருஷம் அந்த மூணு மாசம் ஆர்டர் போடல, மார்ச்ல வாங்கிட்டு சதை எப்படி இருக்குன்னு இதே ரிவ்யூல எடிட் போடுறேன்.